பலகை பதினேழு

மஞ்சக்குப்பத்துக் கடையில்
மஞ்சள் நீராட்டு விழாப் பலகையொன்று
மை காயக் காத்திருந்த மதியத்தில்
பென்டிரைவோடு வந்தார் ஹர்பீந்தர் சிங்.
இம்பீரியல் சாலையில் லாரி உதிரிபாகக் கடை.
"எங்க ஆளுங்க சரித்திரம், மூணு நாள் கண்காட்சி.
இருபத்திரண்டு பலகை. தமிழ்ல அடிச்சுக் குடும்மா."
அவருடைய ழகரம்
என் முதலாளியுடையதைவிடச் சுத்தம்.

பதினாறு வரை தகராறில்லை.
இருந்ததெல்லாம் யுத்தப் படங்கள்.

பதினேழு: தில்லி, எண்பத்து நான்கு, நவம்பர்.
கருகிய தையல் மிஷின்.
பின்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கரி.
கீழே அவர் எழுதித் தந்த சொல்: கலவரம்.
அடித்தேன். நாற்பத்தெட்டுப் புள்ளி, தடித்த எழுத்து.

மறுநாள் அவர் கொழுந்தியாள் குர்லீன்,
நெய்வேலிச் சுரங்கத்து இன்ஜினியர்,
பூட்ஸில் சாம்பல் மண்ணோடு வந்து நின்றாள்.
"கலவரம்னா ரெண்டு பக்கமும் அடிச்சுக்கணும்.
எங்க பக்கம் யாரு அடிச்சா?
வாக்காளர் பட்டியலக் கையில வச்சுக்கிட்டு
வீடு வீடா வந்தானுங்க.
படுகொலைன்னு போடு."
ஸ்டிக்கர் வெட்டி மேலே ஒட்டினேன்.
எண்ணிப் பார்த்தால் ஓர் எழுத்து குறைவு.
இடம் மட்டும் அதிகம் கேட்டது.

சாயங்காலம் இருவரும் கடையில் மோதிக்கொண்டார்கள்.
சண்டை பஞ்சாபியில்.
நடுநடுவே என் இரண்டு சொற்கள் மட்டும்
தமிழாகவே வந்து விழுந்தன.
அவள் போனபின் ஹர்பீந்தர் என் பக்கம் திரும்பினார்.
"அவ சொல்றது பொய்யில்லம்மா.
செத்தது எங்க சித்தப்பா.
ஆனா அந்தச் சொல்ல மாட்டினா
கடைக்கு வர்றவன் என்னைப் பாவமா பாப்பான்.
எனக்குப் பாவம் வேணாம்,
கியர்பாக்ஸ் விக்கணும்."
திறந்துவைக்க வரும் அதிகாரி
போனில் ஒன்று சொன்னாராம்: துயர நிகழ்வுகள்.
மூன்றாவது ஸ்டிக்கர்.
நாற்பத்தெட்டில் அடங்கவில்லை,
முப்பத்தாறுக்கு இறக்கினேன்.

நான் குறிஞ்சிப்பாடி முகாமில் பிறந்தவள்.
அப்பாவின் அட்டையில்
'வந்த காரணம்' என்றொரு கட்டம்.
மண்டபத்துக் குமாஸ்தா ஊதா மையில் நிரப்பியது:
கலவரம்.
கொழும்பில் அவர் வாசலுக்கு வந்தவர்கள் கையிலும்
ஒரு பட்டியல் இருந்தது,
அவர் பெயர் எழுத்துப்பிழையோடு.
அட்டை புதுப்பிக்கும்போதெல்லாம்
அந்தச் சொல்லும் நகலாகும்.
ஒருமுறை திருத்தக் கேட்டார்.
கட்டம் சின்னது என்றார்கள்.

இதை குர்லீனிடம் சொல்லவில்லை. அவரிடமும்.
ஸ்டிக்கர் ஓரத்தில் காற்றுக் குமிழ் இருந்தது,
அதை அழுத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாளே உப்புக்காற்றில் மூலை எழும்பிற்று.
கூப்பிட்டார்கள், போனேன்.
பள்ளிப் பிள்ளைகள் வாளின் முன்னால் செல்ஃபி எடுத்தார்கள்.
தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெண்
இருபத்திரண்டையும் சுற்றிவிட்டுக் கேட்டாள்:
"சுனாமி அன்னிக்கு எங்களுக்கு ரொட்டி சுட்டாங்களே
தலப்பாக்காரங்க, அந்தப் படம் எங்க?"
யாரிடமும் அது இல்லை.
பதினேழின் முன்னால் குர்லீன்
கைகட்டி நின்றிருந்தாள்.
நான் துயரத்தின் மூலையை ஒட்டும்வரை
என் விரல்களையே பார்த்தாள்.
நன்றாக ஒட்டினேனா என்று
இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

கடைசி நாள் ரசீது எழுதினேன்.
பலகை இருபத்திரண்டு. கூடுதல் ஸ்டிக்கர் இரண்டு.
'விவரம்' என்ற கட்டம்
இதிலும் சின்னதுதான்.
எழுத்தை நெருக்கி நெருக்கி எழுதினேன்:
'படுகொலை, ஒட்டியதும் மறைத்ததும்.'

ஹர்பீந்தர் தமிழ் படிப்பார்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருமுறை,
இறக்கிவிட்டு ஒருமுறை படித்தார்.
பேரம் பேசாமல் ஒரு நாளும் போகாதவர்
சில்லறை வரை எண்ணி வைத்துவிட்டு
"இதுக்கு ஒரு காப்பி இருக்கா?" என்றார்.

கார்பன் தாளைத் தூக்கிக் காட்டினேன்.